கொஞ்சும் தொட்டில்

"ஏ குப்ப, கரிச்சட்டி, முழிச்சிட்டியா?" என்று முப்பிடாதி மகளைக் கொஞ்சினாள். தொட்டிலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சுகாதாரத் துறை கொடுத்த தொட்டில் அது. வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்கும். பிள்ளையைத் திட்டுகிற வீடு என்று முடிவு கட்டிவிட்டால் காப்பகத்து வண்டி வந்துவிடும்.

தகவல் கிடைத்து, நர்ஸ் ஜெசிந்தா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"மூத்தவள எல்லாரும் அழகு அழகுன்னாவ சிஸ்டர். கண்ணு பட்டு ஒரு மாசங்கூடத் தங்கல. அதான் இவள குப்பன்னு கூப்பிடுதேன்."

"எனக்குத் தெரியும்க்கா. எங்கம்மா என்னைய மூதேவின்னுதான் கொஞ்சுவா. தொட்டிலுக்குத் தெரியாதுல்லா? வண்டி கெளம்பிட்டு. வாய்விட்டு நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

முப்பிடாதி பிள்ளையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர்க்கண்ணைவிடப் பெற்றவள் கண் பொல்லாதது. ஆனால் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

"என் அழகி... தங்கச் செலையே," என்றாள்.

விளக்கு பச்சையானது. வண்டி திரும்பிப் போயிற்று. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போது தொட்டில் தானாக ஆடத் தொடங்கியது. "என் அழகி, தங்கச் செலையே," என்று முப்பிடாதியின் குரலிலேயே கொஞ்சியது. ஓயாமல் கொஞ்சிக்கொண்டே இருந்தது.

"இத நிப்பாட்டுங்க சிஸ்டர்!"

"முடியாதுக்கா. நல்ல வார்த்தையக் கத்துக்கிட்டா அது விடாது."

'வாய மூடு, சனியனே' என்று தொண்டைவரை வந்ததை, பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே முப்பிடாதி விழுங்கினாள்.

தொட்டிலுக்குள்ளே பிள்ளை தும்மியது.