சேற்றுக் காற்று

சாம்பல் கோட்டுக்காரர் கம்பைக் குளத்தின் அடிவரை விட்டுக் கிளறினார். சேற்றிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. தலைகீழாகக் கவிழ்த்த போத்தலில் அதைப் பிடித்தார்.

நான் வாளியோடு கரையில் நின்றேன், தண்ணீர் எடுக்க வந்தவள் மாதிரி.

"என்னங்க ஐயா தேடுறீங்க?"

"காத்து. அதுவும் பொடிப்பொடியாத்தான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொடி என்ன எடைன்னு பாக்கணும்."

காற்றை எடை போடுகிறாராம்.

போன மாதம் பக்கத்து ஊருக்கு வந்த உளவாளியும் ஊசி நூல் விற்கிறேன் என்றுதான் சொன்னான். அவன் போன பிறகு, மான்செஸ்டர் பக்கத்தில் நீராவித் தறியை உடைத்தவர்கள் என்று இரண்டு பேரைக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள்.

என் புருஷன் ஏபல் தறி உடைக்கப் போன அன்றைக்கு முகத்தில் கட்டியிருந்த துணி, சுத்தியலோடு இந்தக் குளத்தில்தான் கிடந்தது.

கம்பு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. தூக்கினார். நுனியில் துணி. சொட்டச் சொட்ட, ரத்தச் சிவப்பு.

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உன்னோடதா?" என்று நீட்டினார்.

வாங்கி வாளியில் திணித்து, மேலே பாசியை அள்ளிப் போட்டேன்.

அதற்குள் கான்ஸ்டபிள் கிராப்ட்ரீ வேலியைத் தாண்டி வந்துவிட்டான்.

"யோவ், சிவப்புத் துணி ஏதும் அகப்பட்டுச்சா?"

"சிவப்பா ஒண்ணும் வரலை. வேணும்னா நீயே எறங்கிப் பாரு."

"யாரைப் பாத்து 'நீ'ங்கிற?"

"எல்லாரையும் அப்படித்தான்."

கிராப்ட்ரீ காறித் துப்பினான். சாம்பல் கோட்டுப் போடும் அவருடைய சபைக்காரர்கள், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று அரசனையே 'நீ' என்பவர்கள். கழுத்தில் கத்தி வைத்தாலும் பொய் சொல்ல மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும். போய்விட்டான்.

பொய்யே சொல்லாதவன் எனக்காகச் சொல்கிறான் என்றால், பதிலுக்கு என்ன கேட்பான்? யார் பெயரை?

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "நான் எங்க பொய் சொன்னேன்?"

கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார்.

சாம்பலைத் தவிர வேறு நிறத்தை உடம்பில் ஏற்றாத சபை அது. அவர் முழங்கால் வரை இழுத்துவிட்டிருந்த காலுறை, ஏபலின் துணியைவிடச் சிவப்பு.

வாளியைக் கீழே வைத்தேன்.

"காலுறை புதுசா ஐயா?"

"ஆமா" என்று அதைப் பிழிந்தார். "அழுக்குத் தெரியாத சாம்பலாப் பாத்து வாங்கினேன்."