பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான்

இன்னும் ஒரு டிக்தான்.

நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி நாற்பது நிமிடம் ஆகிறது. ஒரே சொல். 'பஞ்சர்.' பத்து நிமிடத்துக்குள் 'ஒட்டியாச்சு' என்று பதில் வந்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் வராமல் இருந்ததே இல்லை.

அவன் செப்புக் கம்பியைக் கீழே வைத்தான்.

கூப்பிட்டுப் பார்த்தான். சுவிட்ச் ஆஃப்.

மைதிலி போன் செய்தபோது மணி பதினொன்று. கடையில், யாரோ ஒரு விவசாயியின் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். எண்பத்திரண்டாவது சுற்று. எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதென்று போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"ஏனுங்ண்ணா, அவரு உங்ககூட இருக்காருங்களா?"

நண்பனின் மனைவி இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவன் வாய்க்கே தெரியும். மூளையைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

"இங்கதாம்மா இருக்கான். வண்டி பஞ்சராயிருச்சு, ஒட்டிட்டு இருக்கான். கையெல்லாம் கரி. அஞ்சு நிமிசத்துல கூப்புடச் சொல்றேன்."

"அப்பாடா. இல்லீங்ண்ணா, காலைல..."

"சொல்றேம்மா, சொல்றேன்."

வைத்துவிட்டான். எண்பத்திமூன்று.

அவர்கள் மூன்று பேர். அவன், நவநீதன், ஈஸ்வரமூர்த்தி என்கிற ஈசு. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. இப்போது மூவருக்கும் முன்மண்டையில் முடி இல்லை, பேச்சு மட்டும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. பீர் என்றால் டானிக். மாமனார் வந்திறங்கினால் ரெய்டு. மனைவி போன் செய்தால் ஹெட் ஆபீஸ். மைதிலியின் கணவன் நவநீதனை அவர்கள் நவநீதன் என்று கூப்பிட்டதே கிடையாது, வெண்ணெ தான்.

எந்த வீட்டில் யாரைத் தேடினாலும் பஞ்சர். உடனே தேடப்படுகிறவனுக்கு ஒரு செய்தி போகும். அவன் வீட்டில் பேசிச் சமாளித்துவிட்டு 'ஒட்டியாச்சு' என்பான்.

எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்கிறவனெல்லாம் ஒரு நண்பனா? அதில் அவர்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான்.

ஈசு.

"டேய், அந்த வெண்ணெகிட்ட போனைக் குடு. நாலு கெட்ட வார்த்தை பேசுனாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"எதுக்குடா?"

"காலைல இருந்து மைதிலிகிட்ட இருந்து எட்டு மிஸ்டு கால். இப்பத்தான் பாத்துட்டுக் கூப்புட்டேன். இவன் மோதரத்தையும் வாட்சையும் கழட்டி சாமி படத்துக்கு முன்னால வெச்சுட்டுக் கெளம்பியிருக்கான். ஒண்ணும் சொல்லல. அந்தப் புள்ள பயந்துபோயி போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிருச்சு. உங்கூட இருக்கான்னு நீ சொன்னப்பறந்தான் ஊட்டுக்குத் திரும்பியிருக்குது. குடுறா அவங்கிட்ட."

போனைக் காதிலிருந்து எடுத்து அந்த ஒரு டிக்கை மறுபடி பார்த்தான்.

"டேய். லைன்ல இருக்கியா?"

"ஈசு, அவன் இங்க வரவே இல்லடா."

திட்டுவான் என்று காத்திருந்தான். ஈசு திட்டவில்லை.

"நான் ஆத்துப் பாலத்துக்குப் போறேன்" என்றான் ஈசு. "நீ அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு."

பாலத்துக்கு ஏன் என்று அவன் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெண்ணெ கடைக்கு வந்திருந்தான். கவிழ்த்து வைத்த டிரம்மின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வாயே திறக்கவில்லை. தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தான். இவன்தான், "என்னடா வெண்ணெ, ஹெட் ஆபீஸ்ல மெமோவா?" என்றான். நவநீதன் சிரித்தான். ரெண்டு டீ வந்தது. குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வெண்ணெ சிரித்ததும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான். குடிக்கும் பீரில் இருந்து வந்திறங்கும் மாமனார் வரை எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். என்னால் முடியவில்லை என்பதற்கு மூவரிடமும் சொல் இல்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவன் பொய்யால் வீணான நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு வண்டி எத்தனை தூரம் போகும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. நிறுத்த முடியவில்லை.

மைதிலியைக் கூப்பிட்டான். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

பின்னால் குக்கர் விசில் கேட்டது. அவன் சொன்னதை நம்பி வீட்டுக்குத் திரும்பி அரிசி போட்டிருக்கிறாள்.

"சொல்லுங்ண்ணா. வண்டி சரியாயிருச்சுங்களா?"

பொய்க்கு அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது உண்மைக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"மைதிலி. அவன் இங்க இல்லம்மா."

அடுத்த விசில் பாதியில் அடங்கியது. அவள் அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"அப்படீங்களா" என்றாள். "எப்பங்ண்ணா அங்கிருந்து கெளம்புனாரு?"