ஒரே போன்

"உங்க ஒரே போன்ல இருந்து பத்துப் பேர் மனு போட்டுக் கடன் வாங்கியிருக்காங்க. கம்ப்யூட்டர் உங்களை மோசடின்னு சிவப்புல காட்டுதும்மா," என்றார் வங்கி அதிகாரி.

தையல்காரி இப்போது தனக்கும் ஒரு கடன் கேட்டு மனு போட்டிருந்தாள். கடன் கிடைக்காவிட்டால் நாளைக்கே வாடகைத் தையல் மெஷினைத் தூக்கிப் போய்விடுவார்கள்.

"அந்தப் பத்துப் பேருக்கும் மனு போட்டது யார்?"

தான்தான் போட்டதாகச் சொன்னால் அவர்கள் கடனுக்கும் ஆபத்து வருமே! அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"சொல்லலேன்னா போலீஸுக்குத்தான் போகணும்."

கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் தெருப் பெண்களும் திமுதிமுவென்று நுழைந்தார்கள். தன்னால் அவர்கள் கடனும் முடங்கியிருக்கும், சண்டைக்குத்தான் வருகிறார்கள். 'கடவுளே!' என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"பத்துப் பேரும் நாங்கதான் சார். நீங்க இவளுக்கு அனுப்பின நோட்டீஸைப் பார்த்துட்டு ஓடி வர்றோம். எங்ககிட்ட ஏது போன்? தையலை நிறுத்திட்டு இவதான் மனு போட்டுக் கொடுத்தா. போன் அவளோடது, கடன் எங்களோடது. ஒரு தவணை தவறியிருக்கோமா? உங்க கம்ப்யூட்டரையே கேளுங்க!" என்றாள் அக்கா.

அதிகாரி தேடிப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

"இதையும் பார்க்கணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையேம்மா," என்றவர், பேனாவைத் திறந்து அவள் கடன் மனுவில் தாமே ஒப்புதல் கையெழுத்திட்டார்.