குன்றன் எழுந்த கதை

“சார், வள்ளி கதையை மாத்தி வாசிக்கிறா.”

ஐந்தாம் வகுப்பில் அருள்மேரி எழுந்து நின்று சொன்னாள். இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. சண்முகவள்ளி தன் அம்மாவுக்குக் கதை வாசித்துக் காட்டுவது சுவர் தாண்டிக் கேட்குமாம்.

சேனாதிபதி வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அது அவர் எழுதிய கதை.

அந்த வருஷம்தான் மதுரையிலிருந்து மாற்றலாகிக் கொடைக்கானலுக்கு வந்திருந்தார். பழனி இடும்பனை மனதில் வைத்து, இரண்டு மலைகளைத் தோளில் சுமக்கும் குன்றன் என்ற அரக்கனைப் படைத்து, சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதினார். போன வாரம் முடிந்தது. குட்டி வீரன் ஒருவனோடு மோதிக் குன்றன் செத்துப்போகிறான்.

வள்ளி வாசிப்பில் அவன் சாகவில்லையாம். எழுந்து மறுபடியும் மலையைத் தூக்கிக்கொண்டு நடந்தானாம்.

வாத்தியார் பத்திரிகையை வள்ளியிடம் நீட்டிக் கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். பிழையில்லாமல் வாசித்தாள். குன்றன் கீழே விழுந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“நல்லாத்தானே வாசிக்கிற? பிறகு எதுக்கு அம்மாகிட்டப் பொய் சொன்ன?”

வள்ளி பத்திரிகையை மூடினாள்.

ஒருவர் எழுதியதை இஷ்டத்துக்கு மாற்றுவது திருட்டு மாதிரி என்று வகுப்புக்கே எடுத்துச் சொன்னார். மணியடிக்கும் வரை அவளை வெளியே நிற்க வைத்தார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வள்ளியின் அம்மா முருகம்மாள் மகளோடு அவர் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து வாத்தியார் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

அவள் கும்பிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் சின்னச்சாமி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். உருளைக்கிழங்கு மூட்டை இரண்டை ஒரே நேரத்தில் சுமப்பதால் எல்லோருக்கும் அவர் இடும்பன்தான். போன மழைக்கு மலைப்பாதையில் லாரி உருண்டதில் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தக் கதை வந்த முதல் வாரமே, “அப்பா கதை வருதும்மா” என்று வள்ளி ஓடிவந்து சொன்னாளாம்.

“அவரு போனதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலைங்க. குன்றன் செத்துப் பொழைச்சு எந்திரிச்சதை இவ வாசிச்சா பாருங்க, அன்னைக்குத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டேன். கதைதான்னு தெரியும். இருந்தாலும் நெஞ்சு ஆறுதுங்க. உங்களைக் கும்பிட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

வாத்தியார் தலைகுனிந்தார். பழனிக் கதையிலும் இடும்பன் மனைவி அழுது மன்றாடுகிறாள். முருகன் அவனை எழுப்பிக் கொடுக்கிறான். அது அவருக்குத் தெரியாததல்ல. குட்டி வீரனின் வெற்றி மங்கிவிடும் என்று அவர்தான் அந்த அழுகையை வெட்டி எறிந்தார்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அந்த எடத்தை உங்க வாயால ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்களேன்.”

முருகம்மாள் பத்திரிகையை நீட்டினாள். வள்ளியின் முகம் வெளுத்துப்போனது.

வாத்தியார் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அச்சில் இருந்த வரிகள் மேல் விரலை ஓட்டியபடியே நிதானமாகச் சொன்னார்:

“குன்றனின் மனைவி அழுதாள். அவள் அழுகை கேட்டு, குன்றன் மெல்லக் கண் திறந்தான்.”