பெருக்கல் குறி போட்ட இடம்

"லேடீஸ் ஓட்டுற வண்டிக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார் சுயம்புலிங்கம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தி. நகர் கிளையில் க்ளெய்ம் பார்க்கும் அதிகாரி. அவர் மேசையில் என் மனைவி டெல்பினின் ஃபைல். அதன் அட்டையில் மெதுவடை எண்ணெய்.

இதெல்லாம் என்றால், அவள் தன் காருக்குச் செய்துவைத்த வேலைகள். வேகம் கூட்ட இன்ஜினுக்கு ரீமேப். அகலமான சைலன்சர். பெரிய பிரேக் டிஸ்க். எல்லாம் கே.கே. நகரில் ஆசிஃப் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச்சில் பூசை முடிந்த கையோடு.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். இளம் வயது, ஆண், ரேஸ் பைத்தியமாக இருப்பான் என்று. எனக்கு ஸ்டெப்னி மாற்றக்கூடத் தெரியாது. அவள்தான் என்று சொன்னதும் ஒரு சிரிப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதே சிரிப்பைக் கர்சீப்புக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பொண்ணுக்கு எதுக்கு அவ்வளவு வேகம்.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அடையாறில், சிக்னலில், சிவப்பு விளக்கில். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்குத்தான் நிற்கத் தெரியவில்லை. நின்ற காரின் வேகத்தைப் பற்றி நான்கு பக்கம் அறிக்கை எழுதத் தனிப் படிப்பு வேண்டும். கம்பெனி அனுப்பிய சர்வேயர் அதைப் படித்திருந்தார்.

நான் இங்கே வந்தது மாமாவுக்காக. டெல்பினின் அப்பா, இக்னேஷியஸ். சாந்தோமில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்தியவர். பெயர் எழுதாத தாளைக் கொடுத்தாலும் எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்பாள் டெல்பின்.

மூன்று மாதமாக அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. க்ளெய்மை நிராகரித்து கம்பெனி அனுப்பியது. அதில் ஒரு வரி: காரில் செய்த மாற்றங்களைப் பாலிசிதாரர் வேண்டுமென்றே மறைத்துள்ளார்.

ஆங்கில ஆசிரியர். அந்த வரிக்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்.

"பணம் வேணாம் சார்," என்றார் மாமா இப்போது. "வேணும்னே மறைச்சதா போட்டிருக்கீங்க பாருங்க, அத மட்டும் எடுத்துடுங்க. எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா."

"எல்லா அப்பாவும் இதத்தான் சார் சொல்றாங்க." சுயம்புலிங்கம் ஃபைலைப் புரட்டி, பாலிசி எடுத்தபோது கொடுத்த படிவத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தார். "என்ன எழுதியிருக்காங்கன்னு நீங்களே பாருங்க."

மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பதினான்காவது கேள்வி. வண்டியில் மாற்றங்கள் ஏதேனும் செய்யப்பட்டுள்ளனவா? எதிரே ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. நோ. பக்கத்தின் அடியில் டெல்பினின் கையெழுத்து. அதன் ஓரத்தில், பென்சிலில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

இந்த ஊரில் படிவத்தை யாரும் படிப்பதில்லை. ஏஜென்ட் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டால் கடமை முடிந்தது. மீதியை வீட்டில் யாராவது நிரப்பிக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் நான் நிரப்பினேன்.

டெல்பின் எல்லா மாற்றங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஆசிஃப் பட்டறை பில்களோடு பின் அடித்து வைத்திருந்தாள். "இதையும் சேத்துக் குடு. மறந்துடாத, எரும." குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

பழைய பாலிசி அன்றோடு முடிகிறது. அதெல்லாம் எழுதினால் வண்டியை வந்து பார்ப்பார்கள், வாரக்கணக்கில் இழுக்கும், எல்லாரும் நோதான் போடுகிறார்கள் என்றார் ஏஜென்ட், போனில். எனக்கு மதியம் ஒரு மீட்டிங் இருந்தது.

என்ன மீட்டிங் என்று இப்போது ஞாபகம் இல்லை.

அவள் எழுதிய தாளைச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை வாஷிங் மிஷினுக்குப் போனது. மூன்று மாதமாக லாரிக்காரனையும் சர்வேயரையும் ஏஜென்டையும் முறை வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நான்காவது ஆளின் முறை மட்டும் வரவே இல்லை.

மாமாவின் விரல் டெல்பினின் கையெழுத்துக்குக் கீழே சற்று நேரம் இருந்தது. பிறகு மெல்ல மேலே ஏறி, பதினான்காவது கேள்விக்கு எதிரே நின்றது. அங்கிருந்து அசையவில்லை.

சுயம்புலிங்கம் வாட்சைப் பார்த்தார். "சார், எதுவா இருந்தாலும் லெட்டரா எழுதிக் குடுங்க. இந்த ஃபைல்லயே வச்சு மேல அனுப்பிடுறேன்." வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார்.

மாமா அதை வாங்கி என் முன்னால் வைத்தார். படிவத்தை அதன் பக்கத்திலேயே, விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார். தன் பேனாவைத் திறந்து, மூடியைப் பின்னால் செருகி, என் கையில் கொடுத்தார்.

"நீங்களே எழுதுங்க மாப்ள. நான் கண்ணாடி கொண்டுவரல."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.