மேற்குக் குன்று

"படம் எடுக்கிறதுக்கு எத்தனையோ போர் இருக்கும்மா. கோட்டையைப் பிடிச்சது, பாலத்தைக் காத்தது, கப்பலோட கப்பல் மோதினது. ஜெயிச்ச கதையா எடுங்களேன். என் மானத்தை வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

பெரியவர் மேசை மேலிருந்த தாளை ஒரு விரலால் தள்ளினார். படம் எடுக்க அவர் தர வேண்டிய சம்மதக் கடிதம். கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு படங்கள் எடுத்த இயக்குநர்.

"ஜெயிச்ச கதையை எல்லாரும் எடுத்துட்டாங்க ஐயா. எனக்கு இந்தப் போர்தான் வேணும்."

"இதுல சண்டையே கிடையாதே!"

"அதனாலதான்."

சமையலறையிலிருந்து பெரியவரின் மனைவி எட்டிப் பார்த்தார். "சண்டைதானே வேணும்? ரெண்டு நாள் இங்கயே தங்கச் சொல்லுங்க."

பெரியவர் சிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ராணுவ அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். வயது இருபத்தைந்து. போர் நின்ற வாரம் ஒரு பத்திரிகை அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது: குருட்டுப் பென்சில். வேலை போயிற்று. பெயர் போகவில்லை. ஊர் மாறிய பிறகுதான் போயிற்று.

"பொண்ணைக் கொடுத்த இடத்துல இது யாருக்கும் தெரியாது," என்றார். "மாப்பிள்ளை தியேட்டர்ல உட்கார்ந்து மாமனாரைப் பார்த்துச் சிரிக்கணுமா?"

"யாரும் சிரிக்க மாட்டாங்க. எப்படி நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க. அப்பவும் மனசு வரலைன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நான் போயிடறேன்."

பெரியவர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"டிரேசிங் பேப்பர் தெரியுமில்ல? எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு தெரியும். அதுதான் வினை. ஆறு, மலை, பாதை எல்லாம் வரைஞ்சு முடிச்சுட்டேன். பேர் மட்டும்தான் எழுதணும். மின்விசிறிக் காத்துல தாள் பறந்து கீழே விழுந்தது. எடுத்து வச்சேன். புரட்டி வச்சுட்டேன். அது மேலயே பேரெல்லாம் எழுதினேன். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பார்த்த அதிகாரி முதுகுல தட்டிக் கொடுத்தார்."

"இடது வலதாயிடுச்சு."

"ஆறு பிரியற இடத்துல இடப்பக்கம் போனா மேற்குக் குன்று. அதைத்தான் பிடிக்கணும். முந்நூறு பேர் என் படத்தை நம்பி வலப்பக்கம் போனாங்க. ஒரு மொட்டைக் குன்றைச் சுத்தி வளைச்சு, தவழ்ந்து தவழ்ந்து மேலே ஏறிப் பார்த்தா நாலு ஆடு மேயுது."

"தயாரிப்பாளர் ஆயிரம் குதிரை வேணாமான்னு கேட்டார். நாலு ஆடு போதும்னு சொல்லிட்டேன்."

"நல்லாச் சொன்னீங்க, போங்க. தப்புன்னு தெரிஞ்சு திரும்பறதுக்குள்ள மழை. ஆத்துல வெள்ளம். மூணு நாள் அங்கயே கிடந்தாங்க. அதுக்குள்ள போர் நிறுத்தம்."

மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். "இன்னிக்கும் சட்டையைப் புரட்டி மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போற மனுஷன்தான் கண்ணு."

"நீ சும்மா இரு. வேலை போனப்புறம் முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு தடவை வழி தப்பியிருப்பேனா?"

"வீட்டுக்கு வர்ற வழியைத் தவிர."

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். பெரியவரின் உதடும் கொஞ்சம் அசைந்து, மறுபடி இறுகியது.

"மேற்குக் குன்று போச்சு. இன்னிக்கும் நம்ம கையில இல்லை. பிடிச்சிருந்தா எல்லைக்கோடே வேற. என்னாலதான்."

"அந்த முந்நூறு பேரும் என்ன ஆனாங்க?"

"என்ன ஆவாங்க? சளி பிடிச்சு வீட்டுக்குப் போனாங்க."

"ஒருத்தர்கூட..."

"ஒருத்தர்கூடச் சாகலை. அதை வச்சு என்ன படம்?"

"அதான் படம். படம் ஆரம்பிக்கிறப்ப முதல் கார்டுல உங்க பேரைப் போட்டு, நன்றின்னு போடப்போறேன்."

"கேலி பண்றீங்களா?"

"கேலி பண்றதுக்கு யாராவது ரெண்டு ரயில் மாறி வருவாங்களா ஐயா?" இயக்குநரின் குரல் தழைந்தது. "எங்கப்பா போன மாசம் தவறிட்டார். உங்களைப் பத்திப் பேப்பர்ல படிச்ச நாள்லேர்ந்து எங்க வீட்டுல ஒரே பேச்சுதான். அந்தத் தாளைப் புரட்டி வச்ச புண்ணியவான் எங்கேன்னு தேடணும், ஒரு நன்றி சொல்லணும். அவரால முடியலை. நான் வந்திருக்கேன். போருக்கு அடுத்த வருஷம் பிறந்தவ நான்."

மனைவி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

முந்நூறு பேரில் ஒருவர்கூட இத்தனை ஆண்டுகளில் ஒரு கடுதாசி போட்டதில்லை. ஒருவராவது மகளை அனுப்பியிருக்கிறாரே என்று பெரியவர் நினைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"அப்பா பேர் என்னம்மா? விசாரணையில முந்நூறு பேர் பட்டியலையும் என்கிட்டதான் நீட்டினாங்க. ஒவ்வொரு பேரும் மனப்பாடம். சொல்லுங்க, எத்தனாவது ஆளுன்னு சொல்றேன்."

இயக்குநர் கையெழுத்துக் கோட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"அந்தப் பட்டியல்ல அவர் பேர் இருக்காதுங்க ஐயா. அவர் எதிர்ப் படையில, மேற்குக் குன்று மேல காவலுக்கு இருந்தார். பதினோரு பேர், ஆளுக்கு ரெண்டு தோட்டா. மூணு நாளும் உங்க படை வரும், வரும்னு ஆத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்களாம்."

பெரியவர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.