கோடு இல்லாத பாறை

கோடை தொடங்கியபோது மந்தையில் மிஞ்சியவை நான்கு மான்கள். மூத்ததன் பெயர் செவலை. இந்த நான்கைத் தவிர மற்றவை ஓடைக்குப் போகும் வழிகளில், மனிதர்கள் தோண்டித் தழை பரப்பிய குழிகளில் விழுந்து செத்திருந்தன.

"அவங்க பிள்ளைங்க மட்டும் ஏன் விழறதில்ல?" என்று செவலை கேட்டது.

"தரையையே பார்த்து நடந்தா எப்படித் தெரியும் அக்கா?" என்றது முள்ளம்பன்றி. "குழி இருக்கிற இடத்துல எல்லாம் பாறையில சிவப்பா ஒரு கோடு போட்டிருக்காங்க. பிள்ளைங்க அதைப் பார்த்து விலகிப் போகுதுங்க."

அன்று முதல் கோட்டைக் கண்டால் செவலை தன் குட்டியுடன் சுற்றிப் போனது. பிறகு ஒரு மானும் விழவில்லை. மனிதர்கள் பட்டினி கிடந்தார்கள். ஒரு நாள் மான்களின் காலடித் தடங்கள் பாறையருகே விலகிச் செல்வதைப் பார்த்து வெகுநேரம் நின்றார்கள்.

மறுநாள் எல்லா வழிகளிலும் கோடுகள் இருந்தன. ஒரு வழியில் மட்டும் இல்லை.

"பார்த்தியா, இதை நமக்குன்னு விட்டிருக்காங்க" என்றது முள்ளம்பன்றி.

செவலை குட்டியை முன்னால் விட்டது.

2016 மார்ச்சில் அந்த மலையில் அகழாய்வு நடந்தது. சிவப்புக் கோடுகளின் பொருள் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோடு இல்லாத பாறையின் அடியில் ஒரு குழியும், அதில் மான்குட்டி ஒன்றின் எலும்புகளும் கிடைத்தன.